காயல்வாயில் மூழ்கிய படகு குறித்து, கண்டற்காயல் நாச்சியாருக்கு

மேகம் தவறாத மலை மேற்கிலும் மீன் தவறாத கடல் கிழக்கிலும் காவல் நிற்க, ஏழு துறைகளையும் ஒரு குடைக்கீழ் வைத்து ஆளும் திரைமங்கல வேந்தர், ஆழிக்கோ நெடுஞ்சேந்தனார் திருவாய் மலர்ந்தருளியபடி, அவருடைய கடல்வழி அமைச்சர் பூதங்கண்ணனார் எழுதுவித்து விடுக்கும் ஓலை.

கண்டல் மரம் வேர்விட்ட கரையெல்லாம் தம் ஆட்சியாகவும், காயல்வாயின் காவலும் வழக்கும் தீர்ப்பும் தம் முன்னோர் வழிவந்த உரிமையாகவும் கொண்டு விளங்கும் செங்கழுநீர் நாச்சியார் திருமுன்னே இது வாசிக்கப்படுக. நாச்சியாரின் நாட்டில் இறால் பெருகுக. உப்பு வெளுத்துக் குவிக. போன தோணிகள் போன எண்ணிக்கை குறையாமல் திரும்புக. தங்கள் நலம் அறியக் கோமான் விழைகிறார். இங்கே கோமான் நலம், குடிகள் நலம், பட்டத்து யானை மட்டும் சற்றே கறுத்துப் போயிருக்கிறது. அதன் காரணம் உரிய இடத்தில் வரும்.

தாங்கள் தை முதல் வாரத்தில் விடுத்த ஓலை கிடைத்தது. காயல்வாயின் நடுவே யாரோ ஒரு பெரும்படகை மணல் நிரப்பி மூழ்கடித்திருப்பதாகவும், அதில் சிக்கி மூன்று வலைகள் கிழிந்ததாகவும், வாயை அடைத்தவர் ஓராண்டு துடுப்புத் தொடலாகாது என்னும் காயல் வழக்கப்படி தீர்ப்பு வழங்க, செய்தவரைத் தேடிப் பிடித்து அனுப்ப வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. அமைச்சர் தேடினார். தேடல் அரை நாழிகைகூட நீளவில்லை. இங்கே முரசுத்துறைத் துறைமுகத்தில் ஓலையை உரக்க வாசித்த உடனே, கூட்டத்தில் நின்ற ஒரு பெண் கையைத் தூக்கிவிட்டார்.

அவர் பெயர் கொற்றி. புயலில் அகப்பட்ட கலத்தையும் சரக்கையும் மீட்டுக் கரைசேர்ப்பதே தொழிலான கலமீட்பர் கூட்டத்துக்குத் தலைவி. அவரோடு சேர்த்து இருபத்திரண்டு பேர். அந்தத் தொழிலில் தலைமை என்பது பட்டமோ பட்டயமோ அல்ல. முன் துடுப்பு யார் கையில் இருக்கிறதோ அவர் காட்டும் திசையில் மற்றவர் வலிப்பார்கள், அவ்வளவுதான். ஓராண்டு துடுப்புத் தொடாத தலைவிக்குப் பின்னால் வலிக்க ஆள் இருக்காது. தங்கள் தீர்ப்பு கொற்றியிடமிருந்து எதை எடுக்கும் என்பது இதனால் விளங்கும்.

நாச்சியாரே, கடந்த மார்கழியில் தங்கள் நாட்டில் ஒன்றும் நடக்கவில்லை. இறால்குஞ்சு வழக்கம்போல் உள்ளே ஏறியது. உப்பளம் வழக்கம்போல் காய்ந்தது. அந்த ஒன்றும் நடக்காமை எப்படி நேர்ந்தது என்பதையே இந்த ஓலை விளக்க முற்படுகிறது. பேசியவர்கள் பேச்சை மன்றத்து எழுத்தர் கேட்டபடியே கீறி வைத்திருக்கிறார். ஓலைமரபுக்கு அது சற்றுப் பொருந்தாது என்றாலும், மெருகேற்றினால் உண்மை உதிரும் என்று கோமான் தடுத்துவிட்டதால், அப்படியே சேர்த்திருக்கிறோம்.

மார்கழிப் புயல் ஓய்ந்த காலை. முரசுத்துறைக் கரையில் நின்ற கொற்றியின் கண்ணுக்கு இரண்டு கலங்கள் தெரிந்தன. ஒன்று மிளகுக் கலம். துறைக்கு வெகு அருகில் மணல்திட்டில் ஏறி, சாய்ந்து உட்கார்ந்திருந்தது. மற்றொன்று பெருவணிகர் அந்துவனாருடைய கலம். பாய்மரம் முறிந்து, சுக்கான் இழந்து, அடியில் ஓட்டையோடு தெற்கே மெல்ல மிதந்து போய்க்கொண்டிருந்தது. அதன் மாலுமிகள் முந்தைய நாளே சிறுதோணிகளில் ஏறிக் கரைசேர்ந்துவிட்டனர். அதில் இருந்த சரக்கு, பெரும்பானைகளான மிடாக்களில், நானூறு மிடா இளகு கீல். தோணியின் இடுக்குகளை அடைக்கப் பூசுவோமே, அந்தக் கரிய கீல்தான். ஊற்றுவதற்கு எளிதாக எண்ணெய் கலந்து இளக்கியது.

கொற்றியின் கணவருடைய தம்பி நொச்சியன், கூட்டத்தில் கயிற்றுப் பொறுப்பு அவருடையது, மிளகுக் கலத்தைப் பார்த்து ஏற்கெனவே வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார்.

“மதினி, இந்தா கூப்புடு தூரத்துல குந்தியிருக்கு. இடுப்பளவு தண்ணி. மதியச் சோறு ஆறதுக்குள்ள பாதியை எறக்கிப்புடலாம்.”

“குந்தினது எங்கயும் போவாது. அந்தக் கீலுக் கலம் நடந்துக்கிட்டே இருக்குது பாரு. எங்க போவுதுன்னு சொல்லு.”

நொச்சியன் பார்த்தார். காற்று தெற்கு நோக்கி இருந்தது. ஓதம், அதாவது கடலின் நீரேற்றம், ஏறத் தொடங்கியிருந்தது. தெற்கே அரைக்காதத்தில் தங்கள் காயல்வாய்.

“அட சனியனே” என்றார் நொச்சியன். பிறகு, “நாம போறதுக்குள்ள மேலத்தெருக்காரன் மிளகை அள்ளிருவான் மதினி” என்றார்.

“அள்ளட்டும். அவனும் தும்மட்டும்.”

மேலத்தெருவில் உள்ள மற்றொரு கலமீட்பர் கூட்டம் அள்ளியதும் உண்மை, மூன்றிலொரு பங்கு மிளகு பெற்றதும் உண்மை.

காயலுக்குள் கீல் போனால் என்ன ஆகும் என்பதைத் தங்களுக்கு விளக்குவது மீனுக்கு நீச்சல் சொல்லும் வேலை என்று அமைச்சர் அறிவார். ஆயினும் கொற்றி மன்றத்தில் சொன்ன விளக்கம் அத்தனை தெளிவாக இருந்தபடியால் சுருக்கித் தருகிறோம். ஓதம் ஏறும்போது கடல்நீர் வாய்வழியே நுழைந்து காயல் முழுவதும் கைவிரல் போலப் பிரிந்து கண்டல்காட்டுக்குள் ஏறுகிறது. கண்டல் மரத்தின் மூச்சு அதன் வேரில் இருக்கிறது. சேற்றுக்கு மேலே விரல்விரலாக நீட்டிக்கொண்டு நிற்கும் வேர்கள் அதன் மூக்கு. நீர் வடியும்போது நீர்தான் வடியும். கீல் வேரில் ஒட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிடும். தலையில் தேய்த்த எண்ணெய் வெறும் நீரில் போவதில்லை, சீயக்காய் வேண்டும். அத்தனை பெரிய காட்டுக்கு எவர் சீயக்காய் அரைப்பார்? மூக்கு அடைபட்ட மரம் சாகும். மரம் செத்தால் அதன் நிழலில் வளரும் இறால்குஞ்சு இல்லை. குஞ்சு இல்லையேல் அதைத் தின்னும் மீன் இல்லை. உப்பளத்தில் பாயும் நீரும் அதே நீர்.

கொற்றியின் கூட்டம் போய்ச் சேர்ந்தபோது கலம் வாய்க்கு மிக அருகில் வந்துவிட்டது. ஓட்டையைத் தென்னை நாரும் கொழுப்பும் வைத்து அடைத்துப் பார்த்தார்கள். கசிவு குறைந்தது, நிற்கவில்லை. இழுத்துப் பார்த்தார்கள், இருபத்திரண்டு பேர் கைகளும் ஏறும் ஓதத்தின் முன் ஒன்றுமில்லை. ஓதம் திரும்ப இன்னும் ஐந்து நாழிகை இருந்தது. திரும்பிவிட்டால் காயலே கலத்தை வெளியே துப்பிவிடும், ஏனெனில் வடியும் நீர் அந்த வாயில் ஆறு போல ஓடும். ஆகவே வேண்டியது இழுப்பு அன்று, பிடிப்பு. ஐந்து நாழிகைக்குக் கலத்தை வாசலில் நிறுத்தி வைத்தால் போதும்.

கல் நங்கூரங்கள் இரண்டையும் இறக்கினார்கள். காயல்வாயின் மணல் இறுக்கமற்றது. நங்கூரங்கள் உழவு ஓட்டிக்கொண்டே பின்னால் வந்தன. கொற்றி தம் பெரும்படகைப் பார்த்தார். கூட்டத்துக்கு இருந்த ஒரே பெரும்படகு அது. மற்றவை இரண்டு கட்டுமரங்கள்.

“படகை மணல்திட்டுல சாத்துங்க. மணலை அள்ளிக் கொட்டுங்க” என்றார்.

“எதுல?” என்றார் நொச்சியன்.

“படகுலதான்வே. வேற எதுல, உன் வாயிலயா?”

நொச்சியனுக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் கலத்திலிருந்து வந்த கயிற்றின் தடித்த முனையைப் படகின் குறுக்குச் சட்டத்தில் நான்கு சுற்றுச் சுற்றிக் கட்டினார். இருபத்திரண்டு பேரும் கையாலும் மரக்கிண்ணத்தாலும் பாயாலும் மணல் அள்ளினார்கள். விளிம்பு வரை நிரம்பியதும் படகை ஓட்டத்தின் குறுக்கே தள்ளி, அடிப்பலகையில் துளை இட்டார்கள். அது அமைதியாக இறங்கியது.

இந்த இடத்தில் அமைச்சர் எழுத்தாணியைச் சற்று நிறுத்தி வியந்தார், நாச்சியாரும் வியப்பீர்கள். சாதாரண நங்கூரத்தின் அடியிலிருந்து ஓடும் நீர் மணலைப் பறித்துக்கொண்டு போகும். குறுக்கே கிடக்கும் படகோ ஓட்டத்தைத் தடுக்கிறது. தடுத்த இடத்தில் நீர் தான் சுமந்து வரும் மணலைப் போட்டுவிடுகிறது. ஆகவே இழுக்க இழுக்கப் படகின்மேல் மணல் ஏறி, நங்கூரம் நாழிகைக்கு நாழிகை கனத்துக்கொண்டே போனது. கலம் நின்றது. தங்கள் மீனவரின் வலைகளை அது இன்றுவரை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதும் அதே திறத்தால்தான். புயலுக்கு அஞ்சி அவர்கள் அன்று உள்காயலுக்குப் போயிருந்தபடியால் இதைக் காண அங்கு ஒருவரும் இல்லை.

ஓதம் திரும்பியது. கயிற்றை அறுத்தார்கள். முறிந்த மரத்தில் ஒரு கிழிந்த பாயைக் கட்டி, கொற்றியும் நால்வரும் கலத்தில் நின்று, புகும் நீரைக் குடங்களால் இறைத்து இறைத்து, மூழ்கவிடாமல் ஆழிக்கிடங்கு வரை ஓட்டினார்கள். முந்நூறு பாக நீளக் கயிற்றுக்கும் அடி எட்டாத பள்ளம் அது. நெய் பனிக்காலத்தில் உறைவது போல, அவ்வாழத்துக் குளிரில் கீல் இறுகிக் கல்லாகிவிடும். அப்பள்ளத்தின் மேற்சரிவில் வலையில் சிக்கிவந்த பழைய கீல் மிடா ஒன்றை உளி கொண்டு உடைக்க வேண்டியிருந்ததைக் கொற்றி கண்டிருக்கிறார். அங்கே போனதும் இறைப்பதை நிறுத்தி, கூட வந்த கட்டுமரத்தில் இறங்கிக்கொண்டார்கள். கலம் மூழ்கியது. ஒன்றிரண்டு மிடா வழியில் கசிந்தது உண்டு. அதைத் திறந்த கடலின் அலை அடித்துச் சிதைத்துவிட்டது, எந்தக் கரையிலும் அது ஒதுங்கவில்லை.

கலத்திலிருந்து மீண்டது ஒன்றே ஒன்று. மாலுமிகள் அவசரத்தில் மறந்துவிட்டுப் போன சேவல்.

முரசுத்துறையின் துலாமண்டபத்தில் ஒரு கல் நிற்கிறது: “மீண்டதில் மூன்றிலொன்று மீட்டவர்க்கு, மீளாததில் ஒன்றுமில்லை.” துறைக்காவலர் மருதங்கிழார் நேர்மையில் துலாமுள் போன்றவர், தட்டில் இருப்பதைத் தவிர வேறெதையும் அறியாதவர். அவர் சேவலை நிறுத்துப் பார்த்தார். அறுபது பலம். இருபது பலம் கொற்றியுடையது என்று தீர்ப்பு எழுதி, முத்திரையும் இட்டார்.

கொற்றி சேவலையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். “எந்த இருபது பலம் ஐயா? கூவுற பக்கமா, கொத்துற பக்கமா?”

“அதைப் பற்றிக் கல்லில் ஒன்றும் சொல்லவில்லை” என்றார் மருதங்கிழார், உண்மையான வருத்தத்தோடு.

“அப்ப முழுசா நீங்களே வச்சுக்கங்க. என் பங்கு உங்களைக் காலையில எழுப்பட்டும்.”

மண்டபம் சிரித்தது. வெளியே வந்தபோது கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. படகு போய்விட்டது, மேலத்தெருவில் மிளகு வாசனை வீசிக்கொண்டிருந்தது. நொச்சியன்தான் வாய் திறந்தார்.

“கோவிச்சுக்காத மதினி. அடுத்த புயல்லயும் ரெண்டு கலம் வரும். நீ கைகாட்டுற பக்கம் நான் வருவேன். இவனுக வருவானுகளான்னு எனக்குத் தெரியாது.”

கொற்றிக்கும் தெரியவில்லை. அதைத்தான் அவர், தங்கள் ஓலை வந்த மறுநாள், கோமானிடம் முறையிட வந்தார். படகைக் கேட்கவில்லை, பங்கைக் கேட்கவில்லை. “ராசா, கல்லை மாத்தி எழுதுங்க. இல்லேன்னா இனிமே எவனும் நஞ்சுக் கலத்துப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான். நானே பாக்கமாட்டேன்னு நெனைக்கிறேன்” என்றார்.

அந்துவனாரும் மன்றத்துக்கு வந்திருந்தார். அவர் தீயவர் அல்லர். கலமும் சரக்கும் இழந்து நொந்திருந்தார். “கோவே, என் கலம் கடலடியில். அதை மீட்காதவர்களுக்கு நான் கொடுக்க வேண்டுமாம். நடக்காத கேட்டுக்கு எவன் விலை சொல்வான்? காயலில் கீல் போயிருந்தால் ஒருவேளை ஒரு மூலை கறுத்திருக்கும், அடுத்த மழையில் கழுவிப் போயிருக்கும். யார் கண்டது?” என்றார்.

நல்ல கேள்வி. அமைச்சருக்கு நல்ல கேள்வி என்றால் உறக்கம் வராது. அவர் அந்துவனாரின் பண்டகசாலையிலிருந்து அதே இளகு கீலில் ஓர் அகப்பை, ஒரே ஓர் அகப்பை, வாங்கிவந்து, யார் காண்கிறார் என்று பார்த்துக்கொண்டு, அரண்மனையின் யானைக்குளத்து மூலையில் ஊற்றினார். ஒரு மூலைதான் கறுக்கிறதா என்று அறிவதே நோக்கம். அது மூலையில் நிற்கவில்லை. வானவில் போல விரிந்து, உண்ணும் நேரத்துக்குள் எதிர்ப்படியைத் தொட்டுவிட்டது. அந்நேரம் பட்டத்து யானை குளிக்க வரும் என்பதை அமைச்சர் மறந்திருந்தார்.

மறுநாள் மன்றத்துக்குப் பாகன் வந்து நின்றான். “அமைச்சரய்யா, மூணு நாழியா வைக்கோலு வச்சுத் தேய்க்கிறேன். ஆனை வெளுக்கல, என் கைதான் ஆனையாப் போச்சு. குளத்து மீனெல்லாம் வயித்தைக் காட்டுது. இது யாரு செஞ்ச வேலைன்னு தெரிஞ்சா சொல்லுங்க, நான் ரெண்டு வார்த்தை பேசணும்.”

அமைச்சர் எழுந்து ஒப்புக்கொண்டார். பாகன் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசினான், அவை எழுதப்படவில்லை. எட்டு நாள் கழித்து மழையும் பெய்தது. குளம் கழுவிப் போகவில்லை. கோமான் அந்துவனாரைக் குளக்கரைக்கு அழைத்துச் சென்று, இது ஓர் அகப்பை என்றும், தங்கள் கலத்தில் இருந்தது நானூறு மிடா என்றும் அமைதியாக நினைவூட்டினார். அந்துவனார் யானையைத் தொட்டுத் தம் விரலைப் பார்த்தார். பிறகு, “எழுதுங்கள் கோவே, நான் கையொப்பம் இடுகிறேன்” என்றார்.

ஆகவே துலாமண்டபத்தில் பழைய கல்லுக்குப் பக்கத்தில் புதிய கல் நடப்பட்டுள்ளது. மீண்டதில் மூன்றிலொன்று என்னும் முறை அப்படியே நிற்கும். ஆனால் நஞ்சோ கீலோ எண்ணெயோ ஏற்றிய கலம் கரைக்கும் காயலுக்கும் கேடு செய்யவிருந்து, அதைத் தடுக்க மீட்பர் உழைத்தார்களாயின், கலம் மூழ்கினாலும், ஒரு பலமும் மீளாவிட்டாலும், அவர்கள் செலவிட்ட கயிறு, படகு, ஆள்நாள் அனைத்தையும் கலத்துக்கு உரியவர் ஈடு செய்ய வேண்டும். கேடு உண்மையில் தடுக்கப்பட்டதானால், அதற்கு மேல் அச்செலவில் பாதி வரை மன்றம் கூட்டித் தரலாம். காயலுக்கு விலை சொல்ல எவராலும் ஆகாது. ஆகவே விலை காயலுக்கு அன்று, உழைப்புக்கு. கேடு எத்தனை அண்மையில் இருந்தது என்பதைச் சரக்கின் தன்மை, கரையின் தூரம், ஓதத்தின் நேரம் ஆகிய மூன்றையும் கொண்டு அறிவார்கள். மீட்பரின் கவனக்குறைவால் கேடு கூடியிருந்தால் ஒன்றும் இல்லை. இத்தகைய சரக்கு ஏற்றும் வணிகர் எல்லாரும் மிடாவுக்கு ஒரு பிடி நெல் என்று முன்கூட்டியே ஒரு பொதுக்களஞ்சியத்தில் இடுவார்கள்; ஒருவர் கலம் உடைந்தால் ஒருவரே நொடிந்து போகாதிருக்க இது. இந்தப் பிடி நெல் யோசனை அந்துவனாருடையது என்பதைப் பதிவு செய்யுமாறு அவர் கேட்டுக்கொண்டார், பதிவு செய்தோம். மருதங்கிழார் புதிய கல்லை மூன்று முறை வாசித்து, இதில் சேவல் பற்றி ஐயம் எழ இடமில்லை என்று உறுதி கூறினார்.

தங்கள் மீனவரின் மூன்று வலைகளுக்கும் புதுவலை இவ்வோலையோடு வருகிறது. காயல்வாயில் கிடக்கும் படகை, தங்கள் ஒப்புதல் கிடைத்தவுடன், அந்துவனார் செலவில் எடுப்பிப்போம்.

இனி எஞ்சியது தீர்ப்பு. காயல்வாயின் வழக்கில் ஆழிக்கோவின் ஆணை செல்லாது. அவ்வுரிமை தங்களுடையது, அதில் கோமான் விரல் வைக்கமாட்டார். செய்தவரை அனுப்புக என்று கேட்டீர்கள், அனுப்பிவிட்டோம். இவ்வோலையைத் தங்கள் கையில் தந்த பெண்தான் கொற்றி. உள்காயலில் இருக்கும் தங்கள் வாசலுக்குத் தோணியில் வந்திருந்தால் ஒரு நாளில் வந்திருப்பார். “வாயை அடைச்சது நான்தான். நாச்சியாரு வாயால கேக்குற வரைக்கும் துடுப்பைத் தண்ணியில வைக்கமாட்டேன்” என்று சொல்லி, துடுப்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு, காயலைச் சுற்றும் உப்பளக் கரை வழியே, இவ்வோலை முடியுமுன்பே, நடந்தே புறப்பட்டார்; இதைக் குதிரையாள் வழியில் அவர் கையில் சேர்ப்பான்.

அவரை மட்டுமே அனுப்பினோம் என்பதையும் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். மற்ற இருபத்தொரு பேரை எவரும் அனுப்பவில்லை. கொற்றி கோட்டை வாயிலைத் தாண்டும்போது நொச்சியன் தம் துடுப்பை எடுத்துக்கொண்டு பின்னால் நடக்கத் தொடங்கினார். எங்கே போகிறீர் என்று காவலர் கேட்டதற்கு, “படகுல மணலைக் கொட்டினது மதினி ஒருத்தி கையா? இருபத்திரண்டு பேர் கையும் கொட்டுச்சு. தண்டனைன்னா கணக்கு சரியா இருக்கணுமில்ல?” என்றாராம். அவருக்குப் பின்னால் அடுத்தவர், அவருக்குப் பின்னால் அடுத்தவர். கொற்றி ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு, வேகமாக நடந்தார் என்று காவலர் சொல்கிறார்.

ஆகவே நாச்சியார் இவ்வோலையை மடித்தபின் வாசலுக்கு எழுந்தருளுக. அங்கே சுவரோரம் இருபத்திரண்டு துடுப்புகள் சாய்ந்திருக்கும். எண்ணிப் பார்த்து, எத்தனையை வைத்துக்கொள்வது, எத்தனையைத் திருப்பிக் கொடுப்பது என்பதை நாச்சியாரே முடிவு செய்க. எதுவாயினும், மூன்று நாள் நடந்தவர்களுக்கு முதலில் சோறிடுமாறு மட்டும் கோமான் ஆணையிடுகிறார். இந்த ஒன்றில் தம் ஆணை காயலுக்குள்ளும் செல்லும் என்று அவர் நம்புகிறார்.

ஆழிக்கோ முடிசூடிய பதினோராம் ஆண்டு, தை மாதம், தேய்பிறை நான்காம் நாள், முரசுத்துறை மன்றத்தில் கடல்வழி அமைச்சர் பூதங்கண்ணனார் வாசித்துச் சரிபார்க்க, மன்றத்து எழுத்தர் கீறியது. ஏடு ஒன்பது. இருதலை மீன் முத்திரை அரக்கில் பதித்தது. இதை மறுப்பார் கடலை மறுப்பார். இதைக் காப்பார் கரை காக்கப்படுவதாக.